பட்டியலில் கிடைக்காத கருவிகள்

டெவலப்பர்களுக்குப் பயன்படும் ஓப்பன் சோர்ஸ் கருவிகள் என்று தேடினால் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. 'ஆசம்' என்று பெயரிலேயே பாராட்டைச் சேர்த்துக்கொண்டு வரும் பட்டியல்கள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் குவிந்து கிடக்கின்றன. அவற்றையெல்லாம் தொகுத்துத் தர, சிந்த்ரே சோர்ஹுஸ் 2014-இல் தொடங்கிய பட்டியல்களின் பட்டியலும் இருக்கிறது. நானும் ஆசையாகப் புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் தினமும் கை தானாகப் போகிற கருவிகளை எடுத்துப் பார்த்தால், எதுவுமே பட்டியல் வழியாக என்னிடம் வந்து சேரவில்லை. அந்தப் பட்டியல்களில் அவை இருக்கத்தான் செய்கின்றன. நான் படித்து, 'நல்லாருக்கே' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். பட்டியலைப் புரட்டுகிற நேரத்தில் நமக்குச் சிக்கல் இருப்பதில்லை. சிக்கலில் மாட்டி முழிக்கிற நேரத்தில் பட்டியல் நினைவுக்கு வருவதில்லை.

ஒரு வேலையைச் சொல்கிறேன். இரண்டு பழைய சிஸ்டங்களில் இருந்த வாடிக்கையாளர் விவரங்களை ஒன்றாக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். சொற்கள் இடம் மாறியிருக்கும், 'லிமிடெட்' சுருங்கி 'லிட்' ஆகியிருக்கும், எங்கோ ஒரு கமா கூடுதலாக உட்கார்ந்திருக்கும். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் பெயர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பல விதமாக எழுதித் தேடினேன். வந்ததெல்லாம் எக்செல் ஃபார்முலாக்கள். பக்கத்து டீமில் இருந்த மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது, "இதுக்கு ரெக்கார்டு லிங்கேஜ்னு பேரு. வெறும் ஸ்ட்ரிங் அளவுல போதும்னா எடிட் டிஸ்டன்ஸ்னு போட்டுப் பாருங்க" என்றார்.

அப்படிப் போட்டதும் கதவு திறந்துகொண்டது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுகிற வழியை விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இலேயே வகுத்துவிட்டார். அதைச் சுற்றிப் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. ஃபஸிவஸி, ரேபிட்ஃபஸ், டீடியூப் என்று பைத்தான் லைப்ரரிகள் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்கள்) வரிசையாக வந்து நின்றன. பிரிட்டன் நீதித்துறை அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் பெரிய தரவுகளை இணைப்பதற்காகவே உருவாக்கிய ஸ்ப்ளிங்க்கும் கண்ணில் பட்டது. எல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றை எழுதியவர்கள் சிக்கலைத் தங்கள் துறை வழக்கில் எழுதியிருந்தார்கள், நான் என் வழக்கில் தேடிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து லைப்ரரியைத் தேடுவதற்கு முன் சிக்கலுக்குத் துறையில் என்ன பெயர் என்று தேடுவது வழக்கமாகிவிட்டது. 'ரேட் லிமிட்டிங்', 'ஐடெம்பொட்டன்சி', 'டோப்போலாஜிக்கல் சார்ட்', 'பேக்பிரஷர்' போன்ற துறைப் பெயர்கள் எல்லாம் எனக்கு அந்த வழியில் வந்து சேர்ந்தவை.

ஏஐ உதவியாளர்களையும் முதலில் இந்த வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன். 'எந்த லைப்ரரி நல்லது' என்று கேட்டால், இல்லாத பேக்கேஜ் (இன்ஸ்டால் செய்யும் வடிவில் கட்டிய லைப்ரரி) ஒன்றின் பெயரைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிடும். அப்படி அடிக்கடி வாயில் வரும் பொய்ப் பெயர்களைப் பார்த்து, அதே பெயரில் பேக்கேஜைப் பதிவு செய்து உள்ளே விஷமம் வைக்கவும் முடியும். 'இந்தச் சிக்கலுக்கு என்ன பெயர், இதை எந்தெந்த வழிகளில் தீர்க்கிறார்கள்' என்று கேட்டால் அந்த ஆபத்து குறைவு. பதில் தவறாக இருந்தாலும் ஒரு தேடலில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, அந்த நான்கில் எதை எடுப்பது? எங்கள் மென்பொருள் வாடிக்கையாளரின் கணினியில் போய் இன்ஸ்டால் ஆகிற வகை. ஃபஸிவஸி அப்போது ஜிபிஎல் லைசென்ஸில் இருந்தது. அதை உள்ளே வைத்துப் பிறருக்குக் கொடுத்தால் எங்கள் கோடையும் (நிரலையும்) அதே விதியில் திறந்து கொடுக்க வேண்டிய நிலை வரும். ரேபிட்ஃபஸ் அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி லைசென்ஸ். சி++ மொழியில் எழுதப்பட்டதால் வேகமும் அதிகம். (பின்னாளில் ஃபஸிவஸி, 'தெஃபஸ்' என்று பெயர் மாறி, உள்ளே ரேபிட்ஃபஸ்ஸையே வைத்துக்கொண்டு, தானும் எம்ஐடிக்கு வந்துவிட்டது.) ரேபிட்ஃபஸ்ஸில் 'டோக்கன் சார்ட் ரேஷியோ' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, அப்புறம் ஒப்பிடும். சொற்கள் இடம் மாறியிருந்தால் கவலையே இல்லை, நேராக 100 மதிப்பெண். ஆனால் மூன்றாம் பதிப்பில் இருந்து பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நிறுத்தக்குறிகளை அது தானாகச் சரிசெய்வதில்லை; அதற்கான புராசசரை, அதாவது பெயரைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷனை, நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய உதாரணத்தைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் ஏன் இவ்வளவு இறங்கிவிட்டது என்று குழம்ப நேரும். இந்த விஷயம் மாற்றக் குறிப்புகளில், அதாவது சேஞ்ச்லாகில், தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எந்த லைப்ரரியாக இருந்தாலும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பைப் படித்த கையோடு சேஞ்ச்லாகையும் படித்துவிடுகிறேன். ரீட்மீயில் லைப்ரரி எப்படி இருக்க ஆசைப்படுகிறது என்பதுதான் இருக்கும்.

இங்கே தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். லைப்ரரிகளைச் சோதிக்க நான் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். காலியான வரி, ஈமோஜி, முன்னும் பின்னும் இடைவெளி விட்ட பெயர், மிக நீளமான ஒற்றைச் சொல் இவற்றோடு, கொம்பும் புள்ளியும் நிறைந்த தமிழ்ச் சொற்களும் அதில் உண்டு. எந்த லைப்ரரியையும் முதலில் அதன்மேல் ஓட்டிப் பார்ப்பேன். பைத்தானோடு வரும், பேட்டர்ன் கொடுத்துத் தேடும் 'ரீ' மாட்யூலில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்' (தொடர்ந்து வரும் எழுத்துகள் என்று அர்த்தம்) போட்டு 'தமிழ்' என்ற சொல்லைத் தேடுங்கள். முழுச் சொல் கிடைக்காது. 'தம' என்று ஒன்றும் 'ழ' என்று ஒன்றும் தனித்தனியாக வரும். இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. பைத்தான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபையில் 'ரீஜெக்ஸ்' என்ற பெயரில் தனியாக ஒரு லைப்ரரி இருக்கிறது. அதே பேட்டர்னுக்கு அது முழுச் சொல்லையும் தரும். 'பேக்ஸ்லாஷ் எக்ஸ்' போட்டால் த, மி, ழ் என்று நாம் எண்ணுகிறபடியே மூன்றாகப் பிரித்தும் தரும். 'ஓப்பன் தமிழ்' லைப்ரரியிலும் எழுத்துகளைப் பிரிக்கும் வசதி இருக்கிறது. எடிட் டிஸ்டன்ஸ் கணக்குக்கும் இது பொருந்தும். யூனிகோடு குறிகளை எண்ணுகிற லைப்ரரிக்கு 'தமிழ்' ஐந்து எழுத்து, நமக்கு மூன்று. எழுத்துகளாகப் பிரித்த பட்டியலைக் கொடுத்து ஒப்பிட்டால்தான் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

வெளியே தேடுவதற்கு முன் வீட்டுக்குள் பார்ப்பது இன்னொரு வழக்கம். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கும் கருவிக்குள்ளேயே நாம் தொடாத அறைகள் நிறைய உண்டு. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டை எல்லோரும் பயன்படுத்துகிறோம், ஆனால் பெரும்பாலும் ஐந்தாறு கமாண்டோடு வண்டி ஓடிவிடுகிறது. 'கிட் பைசெக்ட் ரன்' என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒழுங்காக ஓடிய ஒரு ரிப்போர்ட் இப்போது தப்பாகக் கணக்குக் காட்டுகிறது, நடுவில் ஆயிரம் கமிட் (பதிவு செய்த மாற்றம்) போயிருக்கிறது என்று வையுங்கள். நல்ல கமிட் இது, கெட்ட கமிட் இது என்று சொல்லிவிட்டு, சோதனை ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுத்தால் போதும். அது பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய், பத்து முறை ஓட்டுவதற்குள் குற்றவாளிக் கமிட்டைக் காட்டிவிடும். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்ல கமிட், 1 திருப்பினால் கெட்ட கமிட். பில்டே ஆகாத, அதாவது ஓட்டிப் பார்க்கவே முடியாத, கமிட்டாக இருந்தால் 125 திருப்ப வேண்டும். 'இதை விட்டுவிடு' என்று அர்த்தம். இந்த 125 தெரியாததால் பைசெக்ட் சரிப்படாது என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'கிட் லாக்' கமாண்டில் பெரிய எஸ் ஆப்ஷனும் அப்படித்தான். ஒரு வரி எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் காணாமல் போனது என்று தேடித் தரும். புதிய கருவி எதுவும் தேவையில்லை. மேனுவலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கும்.

அப்புறம், அடுத்தவர் ரெப்போக்கள், அதாவது கோட் களஞ்சியங்கள். நான் மதிக்கும் ஒரு புராஜெக்டைத் திறந்தால் முதலில் பார்ப்பது அதன் கோடை அல்ல. டிபென்டென்சி கோப்பு (சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பட்டியல்), மேக்ஃபைல் (பில்ட் செய்யும் கட்டளைகள்), சிஐ கான்ஃபிக் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனைகளின் அமைப்பு) இந்த மூன்றையும்தான் பார்ப்பேன். அலங்காரம் இல்லாமல் அவர்கள் உண்மையில் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். ஷெல்செக் என் கண்ணில் பட்டது அப்படி ஒரு சிஐ கான்ஃபிகில். ஷெல் ஸ்கிரிப்டைப் படித்து எங்கே கவிழும் என்று சொல்கிற கருவி அது. ஒரு வேரியபிளில் இருக்கும் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் அழி என்று எழுதியிருக்கிறோம், ஏதோ காரணத்தால் அந்த வேரியபிள் காலியாகிவிட்டது என்றால் என்ன ஆகும்? டிஸ்க்கின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கும். ஷெல்செக் இதை எஸ்சி2115 என்ற எண்ணோடு எச்சரித்து, வேரியபிள் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்படி எழுதும் முறையையும் காட்டுகிறது. எங்களிடம் இருந்த பழைய டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டுகளில் ஓட்டியபோது வந்த எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு டீமில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

புல் ரிக்வெஸ்டுகளும் (ஒரு மாற்றத்தை ஏற்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைகள்) நல்ல வேட்டைக்காடு. யாரோ ஒருவர் 'இந்த மாற்றத்தால் வேகம் கூடியிருக்கிறது' என்று அழகான அட்டவணை ஒன்றைப் போட்டிருந்தார். அது எதில் செய்தது என்று தேடியதில் ஹைப்பர்ஃபைன் கிடைத்தது. ஒரு கமாண்டைப் பலமுறை ஓட்டி, சராசரியும் ஏற்ற இறக்கமும் கணக்கிட்டு, முதல் சில ஓட்டங்களை வார்ம்அப் என்று ஒதுக்கிவிட்டு, மார்க்டவுன் அட்டவணையாகவே தந்துவிடும். அதை எழுதிய டேவிட் பீட்டர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் கோப்புகளைத் தேடும் எஃப்டி, கோப்பைத் திரையில் காட்டும் பேட் என்று இன்னும் இரண்டு கிடைத்தன. நல்ல கருவி ஒன்று செய்தவரின் மற்ற ரெப்போக்களைப் பார்ப்பது பட்டியல் படிப்பதைவிட எனக்குப் பலன் தந்திருக்கிறது. ஒருவரின் ரசனை ஒரு ரெப்போவோடு நின்றுவிடுவதில்லை.

கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் ரிப்கிரெப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆண்ட்ரூ கேலன்ட் 2016-இல் வெளியிட்டது. விஎஸ் கோட் எடிட்டருக்குள் ஃபோல்டர் முழுக்கத் தேடும்போது பின்னால் ஓடுவதும் இதுதான், அதனால் பலர் தெரியாமலே இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அது எதைத் தேடாமல் விடுகிறது என்பது. கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலில்) இருப்பவை, மறைந்த கோப்புகள், பைனரி கோப்புகள் மூன்றையும் கேட்காமலே ஒதுக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் குவியும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்து கொட்டும் குப்பை இல்லாமல் விடை மட்டும் வரும். இதன் மறுபக்கத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கிற ஒரு சொல்லை 'இல்லை' என்று அது சொல்லும்போது, அந்தச் சொல் மறைந்த என்வ் கோப்புக்குள் இருக்கலாம். சிறிய யு ஆப்ஷனை ஒருமுறை போட்டால் கிட்இக்னோரைப் பார்க்காது, இருமுறை போட்டால் மறைந்த கோப்புகளும் சேரும், மும்முறை போட்டால் பைனரியும் சேரும். புதிதாக யாருக்கு ரிப்கிரெப் சொல்லிக்கொடுத்தாலும் யு ஆப்ஷனையும் கையோடு சொல்லிவிடுவேன்.

டக்டிபி வந்தது வேறொருவரின் நோட்புக்கைப் படித்தபோது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்த டேட்டாபேஸ் இது. சர்வர் கிடையாது, இம்போர்ட் கிடையாது. 'ஃப்ரம்' என்று எழுதி அடுத்து சிஎஸ்வி கோப்பின் பெயரைப் போட்டால் எஸ்கியூஎல் ஓடும். நிகழ்வுப் பதிவுகள் கொண்ட லாக் கோப்புகளை அலசுவதற்காக நான் எழுதி வைத்திருந்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எல்லாம் அன்றோடு ஓய்வு பெற்றன.

கண்டுபிடிப்பது பாதி வேலை. நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது மீதி, அதில்தான் எனக்கு நேரம் போகிறது. கிட்ஹப் நட்சத்திரங்களை நான் கிட்டத்தட்ட பார்ப்பதே இல்லை. அவை காசு கொடுத்தும் கிடைக்கும். காசு கொடுக்காமல் வந்தவையும் 'பிறகு பார்க்கலாம்' என்று அழுத்தியவைதான், என் புக்மார்க் மாதிரி. நான் பார்ப்பது மூடப்பட்ட இஷ்யூக்களை (பயனர்கள் பதியும் புகார்கள், கோரிக்கைகளை). அதிலும் குறிப்பாக, மெயின்டெய்னர் (புராஜெக்டைப் பராமரிப்பவர்) 'முடியாது' என்று சொன்ன இடங்களை. 'இது இந்தக் கருவியின் வேலை இல்லை, அதற்கு இன்னதைப் பயன்படுத்துங்கள்' என்று காரணத்தோடு மறுப்பவரின் லைப்ரரி ஐந்து வருடம் கழித்தும் அதே உருவில் இருக்கும். கேட்டவருக்கெல்லாம் ஒரு ஆப்ஷன் சேர்த்துக்கொண்டே போகிறவரின் லைப்ரரி சீக்கிரமே யாருக்கும் புரியாமல் போய்விடும். போனஸாக, அந்த மறுப்புகளில் சொல்லப்படும் 'இன்னது' பல நேரம் நாம் தேடிக்கொண்டிருந்த கருவியாகவே இருக்கும்.

கடைசிக் கமிட் எப்போது என்று மட்டும் பார்த்து 'செத்துப்போன புராஜெக்ட்' என்று முடிவு கட்டுவதும் சரிவராது. ஜேசான் வடிவத் தரவைக் கமாண்ட் லைனில் கையாளும் ஜேகியூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 பதிப்பு 2018-இல் வந்தது, 1.7 வந்தது 2023-இல். நடுவில் ஐந்து வருட மௌனம், ஆனாலும் அது எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் புதிய மெயின்டெய்னர்கள் சேர்ந்து, தனி ஆர்கனைசேஷனாக மாற்றி, உயிர் கொடுத்தார்கள். தேதிகளைக் கையாளும் மோமென்ட் ஜேஎஸ் கதை வேறு. 2020 செப்டம்பரில் அதை நடத்தியவர்களே 'இனி புதிய வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை, லக்ஸன், டே ஜேஎஸ் போன்றவற்றைப் பாருங்கள்' என்று எழுதிவிட்டார்கள். இவ்வளவு நேர்மையாகக் கடையை மூடுவது அபூர்வம். பங்களிப்பாளர் எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஒரு சிறிய குழுவின் கையில் இருக்கிறது, வெளியாட்களின் கோடைப் பொதுவாக ஏற்பதும் இல்லை. ஆனால் 2050 வரை பராமரிப்பதாக அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களின் டெஸ்ட் கோட் மூலக் கோடைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சொல்லை நான் நம்புகிறேன்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்த ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை அதன் ஆசிரியர், உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் அதற்குள் பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்து விஷமம் வைத்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரம் இதைவிடப் பொறுமையாக நடந்தது. களைத்துப்போன மெயின்டெய்னர் ஒருவருக்கு உதவி செய்வதுபோல் ஒரு நபர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை பார்த்து நம்பிக்கை பெற்றார். அப்புறம் 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஏன் என்று தோண்டிய ஆன்ட்ரெஸ் ஃப்ராயன்ட் மட்டும் இல்லையென்றால் அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்குமோ. இதைத் தனி ஒரு டெவலப்பர் தடுத்துவிட முடியாது, உண்மைதான். செய்யக்கூடியது ஒன்று உண்டு: முக்கியமான டிபென்டென்சிகளில் மெயின்டெய்னர் மாறினால் கவனிப்பது, புதிய பதிப்பு வந்த அன்றே தாவாமல் இருப்பது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் உடனே. லைப்ரரிகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் (lock) கோப்பைக் கமிட் செய்வதும், ஓஎஸ்வி ஸ்கேனரைச் சிஐயில் ஓட்டி, தெரிந்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இன்று எந்த டீமுக்கும் கையடக்கமான வேலைதான்.

பேக்கேஜ் பெயரைக் கையால் அடிப்பதை விட்டுவிட்டேன். புராஜெக்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இருந்து காப்பி செய்கிறேன். 2017-இல் 'கிராஸ் என்வ்' என்ற பேக்கேஜின் பெயரில் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு போலி என்பிஎம்மில் உலவியது. இன்ஸ்டால் செய்தவர்களின் என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருடி அனுப்பியது. ஒரு கோடுதான் வித்தியாசம்.

லைசென்ஸ் பற்றி ஜிபிஎல்லில் ஏற்கெனவே தொட்டுவிட்டேன். மேலும் இரண்டு. லைசென்ஸ் கோப்பே இல்லாத ரெப்போ இலவசம் அல்ல. எல்லா உரிமையும் எழுதியவருக்கு என்றுதான் அர்த்தம். பார்க்கலாம், எடுத்துப் போட முடியாது. லைசென்ஸ் சேர்க்க முடியுமா என்று இஷ்யூ போட்டுக் கேட்டால், பல பேர் மறந்துதான் போயிருப்பார்கள், உடனே சேர்த்துவிடுவார்கள். இன்னொன்று, ஒரே நிறுவனம் முழு உரிமையையும் வைத்திருக்கும் புராஜெக்டில் லைசென்ஸ் நாளை மாறலாம். ரெடிஸ் டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் தாராளமான பிஎஸ்டி லைசென்ஸில் இருந்து வேறு கட்டுப்பாடான லைசென்ஸுக்கு மாறியது. அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் கிளையாக வால்கீ பிரிந்து கிளம்பியது. 2025 மே மாதத்தில் ரெடிஸ், ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. இந்த மாதிரி இழுபறி வரும்போது பதறாமல் இருக்க ஒரு வழி, அந்த லைப்ரரியை நம் கோட் முழுக்கத் தூவாமல் ஒரே கோப்புக்குள் அடக்கி, மற்ற இடங்களில் நம் ஃபங்ஷனை மட்டும் அழைப்பது. எல்லாவற்றுக்கும் இப்படி உறை போட வேண்டியதில்லை. அது வேறு வகைப் பைத்தியம். டேட்டாபேஸ், கியூ, வெளி ஏபிஐ போன்ற கனமானவற்றுக்குப் போட்டால் போதும்.

சில நேரம் நல்ல முடிவு எதையும் எடுக்காமல் இருப்பதுதான். 2016 மார்ச்சில் லெஃப்ட் பேட் என்ற பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம்மில் இருந்து நீக்கியபோது உலகம் முழுக்கப் பில்டுகள் உடைந்தன. ஒரு ஸ்ட்ரிங்கின் இடப்பக்கம் எழுத்து நிரப்பும் வேலை, மொத்தம் 11 வரி. நான் இப்போது சின்ன லைப்ரரி எதையும் சேர்ப்பதற்கு முன் அதன் மூலக் கோடை முழுக்கப் படிக்கிறேன். படித்து முடிக்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தால், பெரும்பாலும் எனக்கு அந்த லைப்ரரி தேவைப்படுவதில்லை. தேதி, டைம் ஜோன், என்கிரிப்ஷன், யூனிகோடு இந்த நான்கில் மட்டும் இந்த வீரம் கூடாது. அவற்றில் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிவது எதுவும் சின்னதில்லை.

எங்கள் டீமில் இப்போது புதிய லைப்ரரி சேர்க்கும் புல் ரிக்வெஸ்டில் மூன்று வரி எழுத வேண்டும்: எந்தச் சிக்கலுக்கு, வேறு எவற்றைப் பார்த்தோம், எப்போது நீக்கலாம். முதல் இரண்டை எல்லோரும் கடகடவென்று எழுதிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பேனா நிற்கும். ஆனால் அதுதான் அதிகம் உதவியிருக்கிறது. டைம் ஜோனுக்காகச் சேர்த்த பைடிஇசட் லைப்ரரிக்கு எதிரே, 'எல்லா சர்வரும் பைத்தான் 3.9-க்கு வந்ததும் நீக்கலாம், ஜோன்இன்ஃபோ உள்ளேயே இருக்கிறது' என்று யாரோ எழுதியிருந்தார். டீமுக்குப் புதிதாக வந்த ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் மாற்றி, டெஸ்டுகளை ஓட்டி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். பைடிஇசட்டில் டைம் ஜோனை நேராக டேட்டைம் ஆப்ஜெக்டுக்குள் கொடுத்தால் பல ஊர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் உள்ளூர் நேர வித்தியாசம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க 'லோக்கலைஸ்' என்று தனியாக அழைக்க வேண்டும். ஜோன்இன்ஃபோவில் அந்தச் சுற்று வேலை இல்லை, அதனால் கோடும் சில வரிகள் குறைந்தது. விண்டோஸில் ஓட்டுபவர்கள் மட்டும் 'டிஇசட்டேட்டா' என்ற பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஜோன்இன்ஃபோ படிக்கக்கூடிய டைம் ஜோன் கோப்புகள் கிடையாது.